மூன்று டிசைன் மாதிரி, ஒரு வாரக் கெடு: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கான நாற்காலி, மேசைகளைச் செய்து விற்கும் சிறிய பிராண்டு ஒன்றைத் தம்பியுடன் சேர்ந்து நடத்துகிறார் ஒரு வாசகி. தொடங்கியபோது உறவினர் ஒருவர் போட்டுக்கொடுத்த இணையதளம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழுப்புப் பின்னணி, மர ரேகை போன்ற படம், பக்கம் நிறைய எழுத்து. அதை மாற்ற ஒரு டிசைனரைப் பிடித்திருக்கிறார்கள். அவர் முகப்புப் பக்கத்துக்கு மூன்று மாதிரிகள் அனுப்பியிருக்கிறார். முதலாவதில் வெள்ளைப் பின்னணி, ஒரே ஒரு நாற்காலி, கீழே இரண்டு வரி. இரண்டாவதில் திரையை அடைக்கும் கனமான கறுப்பு எழுத்து, தடித்த கோடுகள், பளிச்சென்ற மஞ்சள். மூன்றாவதில் பனி படிந்த கண்ணாடி போன்ற பலகைகள் படத்தின் மேல் மிதக்கின்றன. விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக அசைந்து வருகின்றன.

தம்பிக்கு மூன்றாவதுதான் வேண்டும். “பெரிய பிராண்டெல்லாம் இப்போ இப்படித்தான்” என்கிறார். அக்காவுக்கு முதலாவது பிடித்திருக்கிறது, ஆனால் காலியாகத் தெரியுமோ என்று தயக்கம். குடும்பக் குழுவில் வாக்கெடுப்பு நடத்தியதில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். டிசைனர் ஒரு வாரத்தில் முடிவு கேட்கிறார். வெளிநாட்டு நாற்காலி பிராண்டு ஒன்றின் தளத்தைக் காட்டி, “வேண்டுமானால் இதையே அப்படியே செய்துவிடலாம்” என்றும் சொல்லியிருக்கிறார். அது சட்டப்படி சரியா? தளம் மாறினால் பழைய வாடிக்கையாளர்கள் விலகிவிடுவார்களா? தோற்றம் நன்றாக இருந்தால் விற்பனை தானாகக் கூடுமா? இப்படிக் கேட்டுவிட்டு, “எனக்கு டிசைன் தெரியாது, முடிவெடுக்கும் தகுதி எனக்கு உண்டா என்றே சந்தேகம்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

பதில்

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் கடிதத்தில் இருக்கும் பெரிய தவறு. போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: போனில் அழைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்வி. என் உயரத்துக்கு எந்த அளவு சரிவரும்? உட்கார்ந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாமா? இது உங்களுக்குத் தெரியும், டிசைனருக்குத் தெரியாது. ஒரு தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யத் தேவையான தகவல்களில் பாதி இந்த இரண்டு கேள்விகளிலேயே இருக்கிறது. நிறம், எழுத்துரு, இடைவெளி பற்றி டிசைனர் பேசட்டும். பக்கத்துக்கு வருகிறவருக்கு எதில் சந்தேகம், எதைப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மாதிரி கேட்டால், யாராக இருந்தாலும் தனக்குப் பிடித்த பாணிகளில் மூன்றை வரைந்து அனுப்புவார். அவர் மேல் குற்றமில்லை.

படத்தில் இருப்பது யாருடைய நாற்காலி?

நீங்கள் அனுப்பிய மூன்று மாதிரிகளையும் பார்த்தேன். மூன்றிலும் நாற்காலி படம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்றுகூட உங்கள் நாற்காலி இல்லை. எல்லாம் ஸ்டாக் போட்டோ, அதாவது காசு கொடுத்து உரிமம் வாங்கும் பொதுப் படங்கள். உங்கள் பழைய தளத்தில் இருக்கும் படங்களோ ட்யூப்லைட் வெளிச்சத்தில், பின்னால் அட்டைப்பெட்டிகள் தெரிய, போனில் எடுத்தவை. இப்போது முதல் மாதிரியில் அந்த நேர்த்தியான படத்தை எடுத்துவிட்டு உங்கள் படத்தை வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த “எளிமை” அங்கே நிற்காது. சுற்றி எதுவுமே இல்லாத பக்கத்தில் பார்க்க இருப்பது அந்த ஒரு படம்தான். அது மங்கல் என்றால் பக்கமே மங்கல்.

வெள்ளை இடத்தை நம்பும் இந்தப் பாணிக்கு வேர் 1950களின் சுவிட்சர்லாந்து அச்சு வடிவமைப்பில் இருக்கிறது. கட்டம் போட்டு அடுக்குவது, அலங்காரமில்லாத எழுத்து, தேவையற்றதை நீக்குவது என்பதுதான் அதன் வழி. ஹெல்வெடிகா எழுத்துரு 1957-ல் அந்த மண்ணில்தான் பிறந்தது. அதில் நீக்கிய பிறகு மிஞ்சுவது தரமாக இருந்தாக வேண்டும். ஆகவே “காலியாகத் தெரியுமோ” என்ற உங்கள் பயம் நியாயமானது, ஆனால் தவறான இடத்தைச் சுட்டுகிறது. வெள்ளை அதிகமாக இருப்பதில் சிக்கல் இல்லை. அந்த வெள்ளையில் சொல்ல உங்களிடம் இன்னும் எதுவும் தயாராகவில்லை என்பதில்தான் சிக்கல். “உங்கள் முதுகின் நண்பன்” போன்ற வரியை எந்த நாற்காலிக்கும் ஒட்டலாம். “இருக்கையின் உயரத்தை இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை மாற்றலாம்” என்பதை உங்கள் நாற்காலிக்கு மட்டும்தான் எழுத முடியும்.

எனவே ஒரு வாரக் கெடுவை மறந்துவிட்டு, முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். முன், பக்கம், பின் என்று மூன்று கோணம். தையல், சக்கரம், கைப்பிடி திருகும் இடம் ஆகியவை நெருக்கத்தில். ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அவசியம். அது இல்லாமல் அளவு யாருக்கும் புரியாது. அந்தப் படங்களையும் உங்கள் உண்மையான வாசகங்களையும் போட்டு அதே மூன்று மாதிரிகளைத் திரும்பக் கேளுங்கள். பாதித் தேர்வு அப்போதே முடிந்துவிடும்.

“பெரிய பிராண்டெல்லாம் இப்படித்தான்”

தம்பி சொல்வது பொய்யில்லை. கண்ணாடிப் பாணி மறுபடி வந்திருக்கிறது. மறுபடி என்று சொல்லக் காரணம், 2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே கணினித் திரையில் திறக்கும் சன்னல்களின் ஓரங்கள் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அப்புறம் காற்று திரும்பியது. ஐபோன் திரையில் தோல் தையலும் மரப் பலகையுமாக இருந்ததை எல்லாம் 2013-ல் அதன் இயங்கு மென்பொருளான ஐஓஎஸ் 7 துடைத்துத் தட்டையாக்கியது. அடுத்த ஆண்டு கூகுள் மெட்டீரியல் டிசைன் என்ற தன் வடிவமைப்பு முறையைக் கொண்டுவந்தது. 2020 வாக்கில் பின்னணியிலிருந்தே மெத்தென்று புடைத்து நிற்கும் பட்டன்கள் கொஞ்ச காலம் பேசப்பட்டன. எது பட்டன் எது வெறும் மேடு என்று தெரியாததால் சீக்கிரமே ஓய்ந்தன. 2025 ஜூனில் ஆப்பிள் தன் சாதனங்களின் திரைக்கு ‘லிக்விட் கிளாஸ்’ என்ற புதிய தோற்றத்தை அறிவித்ததும் கண்ணாடி திரும்பவும் எல்லார் கண்ணிலும் பட்டது. அதோடு, படிக்கச் சிரமமாக இருக்கிறது என்ற புகாரும் கிளம்பியது. பின்னர் வந்த பதிப்பில் அந்தக் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ளும் தேர்வையும் ஆப்பிள் கொடுத்தது.

தம்பி கவனிக்க வேண்டியது இதுதான். அவ்வளவு பெரிய நிறுவனத்தால் குறை தெரிந்ததும் பொறியாளர் படையை வைத்துச் சரிசெய்ய முடிகிறது. அவர்களுக்குத் திரையும் சொந்தம், அதற்குள் ஓடும் மென்பொருளும் சொந்தம். உங்கள் பக்கமோ யாரோ ஒருவரின் பழைய போனில், வெயிலில், பாதி சிக்னலில் திறக்கப்படும். மூன்றாவது மாதிரியில் நாற்காலியின் அளவுகள் கண்ணாடிப் பலகை ஒன்றில் மெல்லிய வெள்ளை எழுத்தில் இருக்கின்றன. பின்னால் கறுப்பு நாற்காலி இருக்கும்வரை படிக்க முடிகிறது. பலகை நகர்ந்து வெளிர்ச் சாம்பல் சுவர் மேல் வந்ததும் எண்கள் காணாமல் போகின்றன. வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்கும் அதே எண்கள்! பின்னணியை மங்கலாக்கும் அந்த வேலை, திறன் குறைந்த போன்களில் ஸ்க்ரோலையும் திக்க வைக்கும்.

இரண்டாவது மாதிரியை நீங்கள் இருவருமே கண்டுகொள்ளவில்லை. பூச்சில்லாத கான்கிரீட் கட்டடங்களின் பெயரால் புரூட்டலிசம் என்று அழைக்கப்படும் பாணி அது. இசைக்குழு, கலைக்கூடம், வடிவமைப்பு நிறுவனம் போன்றவற்றுக்கு நன்றாகவே எடுபடும். முதுகுவலியோடு வருகிறவரிடம் உரக்கப் பேசுவது போல இருக்கும் என்பதால் முழுதாக எடுக்க வேண்டாம் என்பேன். ஆனாலும் அதில் தலைப்பும் விலையும் ஒரு பார்வையில் சிக்குகின்றன. இந்த நல்லதை விட்டுவிடாதீர்கள்.

பழைய வாடிக்கையாளர்கள் பற்றிய கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தளம் மாறியதாலேயே யாரும் ஓடிவிட மாட்டார்கள். அடையாளம் தெரியாமல் போனால்தான் ஆபத்து. 2009-ல் டிராபிகானா பழச்சாறு தன் அட்டையிலிருந்து ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு, நவீனமாக ஒரு கண்ணாடிக் குவளையை வைத்தது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்ததாகச் செய்திகள் வந்தன. பழைய அட்டையே திரும்பியது. உள்ளே இருந்த சாறு மாறவே இல்லை. அலமாரியில் கை நீட்டியவர்களுக்குத் தங்கள் பொருளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் அந்த ஆரஞ்சு எது? மர ரேகைப் பின்னணியாக இருக்காது என்று ஊகிக்கிறேன். லோகோவும் அந்தப் பழுப்பு நிறமும்தான், ஏனென்றால் நாற்காலியின் முதுகில் தைத்திருக்கும் பட்டையிலும் அதே பழுப்பு இருக்கிறது. மூன்று மாதிரிகளிலும் அந்த நிறம் இல்லை. வெள்ளைப் பின்னணியில் பட்டனுக்கும் தலைப்புக் கோட்டுக்கும் அந்தப் பழுப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம், “எங்கள் பிராண்டு என்றதும் எது ஞாபகம் வருகிறது?” என்று மட்டும் கேளுங்கள்.

தமிழில் போட்டுப் பார்த்தீர்களா?

உங்கள் தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதிரிகளிலோ ஆங்கிலம் மட்டும்தான். பலரும் இதைக் கடைசி வாரத்தில்தான் கவனிக்கிறார்கள். இரண்டாவது மாதிரியின் மிடுக்கு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. அதே இடத்தில் “உயரத்தை மாற்றிக்கொள்ளலாம்” என்று போட்டால் சொல் போன் திரையைத் தாண்டி ஓடும், இல்லையென்றால் நடுவில் உடையும். முதல் மாதிரியின் மெலிந்த எழுத்துக்கும் சோதனை உண்டு. சின்ன அளவில் மெலிந்த தமிழ் எழுத்தின் சுழிகள் திரையில் கரைந்துவிடும். மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், அனெக் தமிழ் போன்ற எழுத்துருக்களில் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை பல எடைகள் உண்டு. இவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் தளத்தில் பயன்படுத்தத் தனியாகக் காசு தேவையில்லை. டிசைனருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் இந்த இடத்தில் அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

படிக்க முடிகிறதா என்பது ரசனைக்கு விட வேண்டிய விஷயமில்லை. அதற்கு அளவுகோல் உண்டு. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, அதாவது பார்வைக் குறை உள்ளவர்கள் உட்பட எல்லாரும் பயன்படுத்த வழி சொல்வது, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையில் #767676 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் இதை மயிரிழையில் தாண்டும். டிசைனர்களுக்குப் பிரியமான #999999 தாண்டாது, 2.8 பக்கமே நின்றுவிடும். இரண்டு நிறங்களைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. உங்கள் பழுப்பையும் ஒருமுறை அதில் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: “கையிருப்பில் உண்டு” என்பதற்குப் பச்சைப் புள்ளியும் “இல்லை” என்பதற்குச் சிவப்புப் புள்ளியும் வைத்திருக்கிறார். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், அதிலும் ஆண்கள், நாம் நினைப்பதைவிட அதிகம். புள்ளியோடு சொல்லும் இருக்கட்டும்.

இப்போது அந்த வாக்கெடுப்பு. “எது அழகு?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும், அதுவும் சொந்தக்காரர்களிடம் கேட்டால் யார் மனம் கோணும் என்ற கணக்கும் சேர்ந்துவிடும். குடும்பத்துக்கு வெளியே ஐந்து பேரைப் பிடியுங்கள். போனில் மாதிரியைத் திறந்து கையில் கொடுத்து, “உங்கள் உயரத்துக்கு ஏற்ற நாற்காலியைக் கண்டுபிடியுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்று பாருங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டம்தான், உதவி செய்ய நாக்கு துடிக்கும். அவர் எங்கே தடுமாறுகிறார், எதைத் தட்டிப் பார்த்து ஏமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோற்றம் விற்பனையைக் கூட்டுமா என்ற கேள்விக்கும் இதில் பாதிப் பதில் உண்டு. 2006-ல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு பக்கத்தை வெறும் 50 மில்லி விநாடி பார்த்தாலே அது ஈர்க்கிறதா இல்லையா என்று மக்கள் தீர்மானித்துவிடுவதைக் காட்டினார்கள். டிசைன் நிறுவனங்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டும். அதில் அளந்தது ஈர்ப்பைத்தான், வாங்கினார்களா என்பதை அல்ல. நல்ல தோற்றம் வந்தவரைக் கொஞ்சம் நிற்க வைக்கும். நின்றவர் வாங்குவது அளவு, விலை, உத்தரவாதம், திருப்பித் தரும் நிபந்தனை ஆகியவை கண்ணில் படுவதைப் பொறுத்தது.

“அப்படியே செய்துவிடலாம்”

வேண்டாம் என்பதுதான் என் சுருக்கமான பதில். நீங்கள் பயப்படும் அளவுக்கு எல்லாமே குற்றமும் இல்லை, டிசைனர் சொல்லும் அளவுக்கு எல்லாமே இலவசமும் இல்லை. பாணி என்பது பொதுச் சொத்து. வெள்ளைப் பின்னணி, பெரிய படம், இடப்பக்கம் பட்டியல் என்பதற்கெல்லாம் யாரும் உரிமை கொண்டாட முடியாது. பதிப்புரிமை (காப்பிரைட்) வெளிப்பாட்டைத்தான் காக்கும், எண்ணத்தை அல்ல என்று அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 9-வது பிரிவிலேயே சொல்கிறது. ஆனால் அவர்கள் எடுத்த படம், எழுதிய வாசகம், வரைந்த சின்னப் படங்கள், எழுதிய நிரல் எல்லாம் வெளிப்பாடு. அவற்றை எடுத்தால் மீறல். பெயர், லோகோ வணிகச் சின்னச் சட்டத்துக்குள் வரும். சில நாடுகளில், வாங்குபவர் குழம்பும் அளவுக்கு ஒட்டுமொத்தத் தோற்றமே ஒத்திருந்தாலும் வழக்குப் போட இடமுண்டு. நீங்களும் நாற்காலி விற்கிறீர்கள், அவர்களும் நாற்காலி விற்கிறார்கள் என்பதால் அந்த ஆபத்து உங்களுக்குக் கூடுதல். மீறல் என்று வந்தால் டிசைனர் சொன்னார் என்ற காரணம் உங்களைக் காப்பாற்றாது.

டிசைனரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இப்போதே போடுங்கள். வெளியாளாக வேலை செய்பவர் உருவாக்கியது, எழுதி மாற்றித் தரும்வரை பல நாடுகளில் அவருக்கே சொந்தம். பணம் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. முழுப் பணம் தந்ததும் உரிமை உங்களுக்கு மாறும் என்றும், திருத்தக்கூடிய மூலக் கோப்புகளைத் தர வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். எழுத்துரு, ஸ்டாக் போட்டோ உரிமங்கள் உங்கள் பெயரில் இருக்கட்டும். கணினியில் பயன்படுத்த வாங்கிய எழுத்துரு உரிமம் பெரும்பாலும் இணையதளத்துக்குச் செல்லாது, அதற்குத் தனி உரிமம் இருக்கும். தளத்தின் முகவரியான டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். உறவினர் போட்டுக்கொடுத்த தளம் என்பதால் அவர் பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் பார்த்துவிட்டால் நல்லது.

சரி, என் தேர்வு என்ன? முதல் மாதிரியை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதிலிருந்து தடித்த தலைப்பையும் தெளிவான விலையையும் மட்டும் கடன் வாங்குங்கள், உங்கள் பழுப்பைச் சேருங்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து எல்லாரையும் சமாதானப்படுத்த நினைக்காதீர்கள். அப்படி வருவது யாருடைய பக்கமாகவும் இருக்காது. உங்கள் படங்கள் சரியாக அமையவில்லை என்றால் இந்த யோசனையும் மாறும். அப்போது படத்தைச் சிறிதாக்கி, அளவுப் பட்டியலையும் கோட்டோவியத்தையும் முன்னால் கொண்டுவரும் பக்கம்தான் உங்களுக்குச் சரி.

தம்பியிடம் “கண்ணாடி வேண்டாம்” என்று தொடங்காதீர்கள். அவருக்குக் கண்ணாடி மேல் அவ்வளவு ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன நிறுவனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அது நியாயமான கவலை. ஒரு இடத்தில் அசைவு வைக்கலாம்: நாற்காலி சாயும் விதத்தை விரலால் இழுத்துப் பார்க்கும் படம். அங்கே அசைவுக்கு வேலை இருக்கிறது, பார்ப்பவருக்கு ஒன்றைப் புரியவைக்கிறது. அசைவைக் குறைக்கும்படி போனில் அமைத்து வைத்திருப்பவர்களுக்கு அது அசையாமல் நிற்க வேண்டும் என்று மட்டும் டிசைனரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பகுதியைத் தம்பி பொறுப்பிலேயே விட்டுவிடலாம்.

டிசைனருக்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள்: முடிவுக்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும், படங்களும் வாசகங்களும் அதற்குள் வரும், அடுத்த மாதிரி முகப்புப் பக்கமாக இருக்க வேண்டாம். தேடுபொறியிலிருந்தும் நண்பர் அனுப்பிய இணைப்பிலிருந்தும் வருகிற பலர் முகப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக ஏதோ ஒரு நாற்காலியின் பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். உங்களிடம் அதிகம் விற்கும் நாற்காலி எதுவோ, அதன் விவரப் பக்கத்தை முதலில் வரையட்டும். போன் அளவில், தமிழில், திருப்பி அனுப்பும் நிபந்தனையோடு.